முதல்முறை முஷாயிராவுக்குப் போகிறீர்களா?

உருதுக் கவிஞர்கள் மேடையேறித் தங்கள் கவிதையைத் தாங்களே சொல்லும் நிகழ்ச்சிதான் முஷாயிரா. டெல்லியில் 2015இல் தொடங்கிய ஜஷ்ன்-ஏ-ரேக்தா விழாவில் கேட்கலாம். நம் வாணியம்பாடிப் பக்கமும் நடப்பதுண்டு. அரைகுறை இந்தி தெரிந்தாலே போதும், தைரியமாகப் போங்கள்.

1. முதலில் காதைப் பழக்குங்கள். யூடியூபில் உருதுக் கவிஞர்கள் ராஹத் இந்தோரியையும் வசீம் பரேல்வியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ராஹத் பேச்சாகவே சொல்வார், அது தஹத். வசீம் ராகம் போட்டுச் சொல்வார், அது தரன்னும். தில், கம், யாத், சிராக் (மனம், துயரம், நினைவு, விளக்கு) என்று திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அப்புறம் கஜல் என்ற கவிதை வடிவத்தின் கட்டு. இதில்தான் மொத்த ரசனையும் இருக்கிறது. இரண்டிரண்டு அடிகளாக வரும். ஒவ்வொரு ஜோடியும் ஒரு ஷேர், தனியாகவே பொருள் தரும். தமிழில் ஒன்று கட்டிப் பார்ப்போம்:

கரையில் தலைமோதும் அலை உனக்காக
கல்லாகி நிற்கிறது சிலை உனக்காக

மாறாமல் வரும் ‘உனக்காக’ ரதீஃப். அதற்கு முன்னால் ஒலி ஒத்து வரும் அலை, சிலை காஃபியா. நம் இயைபுத் தொடைக்குப் பக்கத்து வீடு. முதல் ஷேரில் மட்டும் இரண்டு அடியும் இப்படி முடியும். அடுத்தவற்றில் இரண்டாம் அடி மட்டும் இப்படி முடிந்தால் போதும். கடைசி ஷேரில் கவிஞர் தன் புனைபெயரைச் சேர்ப்பது வழக்கம்.

கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழிலேயே கஜல் எழுதியிருக்கிறார். அவற்றைப் படித்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

3. அரங்கில் வாயைத் திறங்கள். கவிஞர் முதல் அடியைச் சொல்லி நிறுத்துவார். கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். அவர் மறுபடி அதே அடியைச் சொல்வார், வேண்டுமென்றே காக்க வைப்பார். பிறகு இரண்டாம் அடி. காஃபியா வந்ததுமே ரதீஃப் என்னவென்று தெரிந்துவிடும். அரங்கமே அவரோடு சேர்ந்து சொல்லும். அந்த நொடிக்காகத்தான் போகிறோம். பிடித்தால் ‘வாஹ்’. மறுபடி வேண்டுமென்றால் ‘முகர்ரர்’. நான் முதல்முறை பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் என் கையைத் தட்டி, “சத்தமா சொல்லுங்க தம்பி, அவருக்குக் கேக்கணும்” என்றார். அந்தச் சத்தம்தான் கவிஞருக்கு அடுத்த ஷேரைச் சொல்லத் தெம்பு.

4. சீக்கிரம் கிளம்பிவிடாதீர்கள். இளையவர்கள் முதலில் வருவார்கள், மூத்த கவிஞர்கள் கடைசியில். நள்ளிரவு தாண்டலாம். திரும்ப வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.