முதல் குழந்தை சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம்: எங்கே தவறுகிறோம்?

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். ஆகவே இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்களில் பலர் வயிற்றில் ஒரு தழும்போடுதான் பரிசோதனைக்கு வருகிறார்கள். இந்த முறையாவது சுகப்பிரசவம் ஆகாதா என்ற ஆசை அவர்களுக்கு இருந்தாலும், "ஒரு தடவை ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன்தான்" என்று உறவினர் சொல்வதைக் கேட்டு, மருத்துவரிடம் அந்தக் கேள்வியையே கேட்காமல் இருந்துவிடுவதுதான் முதல் தவறு. அந்த வாசகத்தை 1916இல் எழுதியவர் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின். கருப்பையை நெடுக்குவாட்டில் வெட்டிய காலம் அது. தேவையின்றி முதல் சிசேரியனைச் செய்யாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கவே அவர் அப்படி எழுதினார். இன்று பெரும்பாலும் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகவே வெட்டுகிறார்கள். அத்தகைய ஒரு சிசேரியனுக்குப் பின், தகுந்தவர்கள் என்று மருத்துவர் கணித்த பெண்கள் முயலும்போது 100இல் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது.

இரண்டாவது தவறு, தோலின் மேல் தெரியும் தழும்பை வைத்து முடிவுக்கு வருவது. வெளியே குறுக்காகத் தையல் இருப்பதால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. குறைமாதத்தில் செய்த அறுவை, குழந்தை குறுக்கே கிடந்தபோது செய்த அறுவை போன்றவற்றில் கருப்பையை நெடுக்காக வெட்ட நேர்ந்திருக்கலாம். குறுக்கு வெட்டையே மேல்நோக்கி நீட்டியிருக்கவும் கூடும். நெடுக்கு வெட்டு இருந்தால் அது பிரசவ வலியில் கிழியும் அபாயம் பன்மடங்கு அதிகம் என்பதால், சுகப்பிரசவ முயற்சியே கூடாது. இதை உறுதிசெய்ய இருக்கும் ஒரே வழி பழைய அறுவைக் குறிப்பு. நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கிறது. கோப்பு அந்த ஊர் மருத்துவமனையிலோ அம்மாவின் பீரோவிலோ கிடக்க, பரிசோதனை வேறு ஊரில் நடக்கிறது. கர்ப்பம் உறுதியான மாதத்திலேயே அதைத் தேடி எடுத்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பல நேரங்களில் "சிசேரியன்" என்று மட்டும்தான் இருக்கும். அறுவைக் குறிப்பின் நகலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஏன் அறுவை செய்தார்கள், அப்போது கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது என்பதும் அதில் இருக்கும். முன்பு குழந்தை தலை மேலே, கால் கீழே என்று இருந்ததால் அறுவை செய்திருந்தால், அந்தக் காரணம் இம்முறை இல்லாமல் போகலாம், வாய்ப்பும் கூடும். வலி வந்தும் குழந்தை இறங்காமல் நின்றுபோயிருந்தால் வாய்ப்பு சற்றுக் குறையும். எப்போதாவது ஒரு சுகப்பிரசவம் ஆகியிருந்தால், அதைவிட நல்ல அறிகுறி வேறில்லை.

வெற்றி விகிதத்தை மட்டும் கேட்டுக்கொண்டு அபாயத்தைக் கேட்காமல் விடுவதும் தவறுதான். தானாக வலி வந்த பெண்களில் ஏறத்தாழ 200க்கு ஒருவருக்குக் கருப்பையில் உள்ள பழைய தையல் பிரியக்கூடும். எண்ணிக்கையில் இது குறைவு. ஆனால் நேர்ந்தால் சில நிமிடங்களில் குழந்தையை வெளியே எடுத்தாக வேண்டும். அதனால் மருத்துவர் அன்பாகப் பேசுகிறார் என்பதை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்வு செய்யாதீர்கள். இரவு 2 மணிக்கும் மயக்க மருந்து கொடுப்பவர் அங்கேயே இருப்பாரா, ரத்தம் உடனே கிடைக்குமா, குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கருவியில் கவனிப்பார்களா என்று நேராகக் கேளுங்கள். தையல் பிரியும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் அந்தத் துடிப்புதான். வீட்டில் வைத்து இந்தப் பிரசவத்தைப் பார்ப்பதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது.

வலி வரவழைப்பதில் நடக்கும் அவசரமும் கவலைக்குரியது. விளக்கெண்ணெய் குடிப்பது, யாரோ சொன்ன கஷாயம் குடிப்பது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். மருத்துவமனையிலும், மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் தையல் பிரியும் அபாயம் 2 முதல் 3 மடங்கு வரை கூடலாம். வலி வரவழைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை நிறைமாதத்தில், முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. "நாள் தாண்டினால் என்ன செய்வீர்கள், எந்த மருந்து?" என்று எட்டாம் மாதத்திலேயே கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வலி தொடங்கிய பிறகு, சீக்கிரம் போனால் மறுபடியும் வெட்டிவிடுவார்கள் என்று அஞ்சி வீட்டிலேயே பொறுத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. வலி சீராக வரத் தொடங்கியதும், பனிக்குடம் உடைந்ததும், ரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், இரு வலிகளுக்கு இடையிலும் தழும்பின் மேல் விடாத வலி இருந்தாலும் உடனே புறப்பட வேண்டும்.

முந்தைய பிரசவத்துக்கும் இந்தப் பிரசவத்துக்கும் இடையே 18 மாதம்கூட ஆகவில்லை என்றால் அபாயம் கூடும் என்பதை மருத்துவரிடம் பேசுங்கள். முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்துக்கொள்வதற்கு முந்தைய சிசேரியன் தடையில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முயன்று முடியாமல் நடுவில் செய்யும் அறுவையில், முன்பே நாள் குறித்துச் செய்யும் அறுவையைவிடத் தொற்றும் சிக்கல்களும் அதிகம். ஆகவே வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் காரணத்தோடு விளக்கினால், 39 வாரத்தில் திட்டமிட்ட சிசேரியனை ஏற்பதும் நல்ல முடிவே. மூன்றாவது குழந்தையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். சிசேரியன் எண்ணிக்கை கூடக் கூட, நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் அமைவதும் பழைய தழும்பில் ஊடுருவி ஒட்டிக்கொள்வதும் அதிகமாகும் என்பதால், முயலலாமா வேண்டாமா என்ற கணக்கே அவர்களுக்கு மாறக்கூடும்.