நெருங்கி வாழும் பாக்டீரியாவை ஃபேஜ் தாக்கும்போது: நாம் தப்பாக நினைக்கும் இடங்கள்

தண்டையார்பேட்டையில் லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் குடத்தை நாலு நாள் தேய்க்காமல் விட்டால், உள்ளே விரல் வழுக்கும். பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசைக்குள் ஒட்டிக் குடியிருக்கும் படலம் அது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ் அங்கே புகுந்தால் என்ன ஆகும்? என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சொல்வது: "நெருக்கமா இருக்கே சார், எல்லாம் சீக்கிரம் செத்துடும்."

இதுதான் பெரிய தவறு. சத்துநீரில் தனித்தனியாக மிதக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை டி4 என்ற ஃபேஜ் தொற்றினால், 25-30 நிமிடத்தில் செல் வெடித்து நூறுக்கும் மேல் ஃபேஜ்கள் வெளிவரும். அந்தக் கணக்கை அப்படியே ஒட்டி வாழும் பாக்டீரியாக் கூட்டத்துக்குப் போடக்கூடாது. ஃபேஜால் நீந்த முடியாது. தண்ணீரோடு அலைந்து, எதிர்ப்பட்ட செல்லில் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் மீன் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், கூட்டம் நெருங்க நெருங்க உள்ளே போவது கஷ்டம். வெளி வரிசையில் பிறக்கும் ஃபேஜ்களில் பல, ஏற்கெனவே தொற்றிய செல்லிலும் செத்த செல்லின் தோல் துண்டிலும் ஒட்டி வீணாகின்றன. செத்தவை உள்ளே இருப்பவற்றுக்குக் கேடயமாகிவிடுகின்றன! அதற்குள் உள்ளிருப்பவை பெருகும். கூட்டம் சிறிதாக இருக்கையில் வந்த ஃபேஜ் அதை அழித்துவிடலாம். பெரிதான பிறகு வந்தால் ஓரத்தை மட்டும் அரித்துக்கொண்டு நிற்கலாம். எப்போது வந்தது என்று கேட்காமல் பதில் எழுதாதீர்கள்.

அடுத்த தவறு, பாக்டீரியா வளர்க்கும் பெட்ரித் தட்டில் ஃபேஜ் கொன்ற இடத்தில் தெரியும் தெளிந்த வட்டம் ஓரளவுக்கு மேல் விரியாவிட்டால் ஃபேஜ் செத்துவிட்டதாக முடிவு கட்டுவது. பெரும்பாலும் ஃபேஜுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சுற்றியுள்ள பாக்டீரியா சத்து தீர்ந்து வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். வளராத செல்லில் பல ஃபேஜ்களால் பெருக முடியாது. வட்டத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிதாக வளரும் பாக்டீரியாவில் போட்டுப் பாருங்கள், மறுபடி வேலை செய்யும். டி7 என்ற ஃபேஜ் இதற்கு விலக்கு, அதன் வட்டம் நெடுநேரம் விரிந்துகொண்டே போகும்.

பசைக்குள் ஃபேஜ் நுழையவே நுழையாது என்பதும் சரியில்லை. சில ஃபேஜ்களின் வாலில் அந்தப் பசையின் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் நொதி உண்டு. ஆனால் ஒவ்வொரு ஃபேஜும் தனக்கேற்ற சில பாக்டீரியாக்களை மட்டுமே பிடிக்கும், குடத்திலோ பல வகை கலந்திருக்கும். தண்ணீரில் ஃபேஜ் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், தேங்காய் நாரால் உள்ளே நன்றாகத் தேய்த்துக் காயவைத்த பிறகு அடுத்த லாரித் தண்ணீரைப் பிடியுங்கள்.