கஸ்தூரி வேலம்: கன்று நடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கஸ்தூரி வேலம் என்ற வாசனைப் பூ முட்செடியை வைப்பவர்களைப் பார்த்தால், என் பழைய முட்டாள்தனங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம்.

கன்றைப் பையிலேயே வளர்ப்பது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. "கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் நடலாம்" என்று ஒரு கன்றை ஒன்றரை வருடம் சின்னப் பையிலேயே வைத்திருந்தேன். இது ஆணிவேர்ச் செடி. மேலே நாலு இலை விடுவதற்குள் வேர் அடியைத் தொட்டுவிடும், வழியில்லாமல் அங்கேயே சுற்றும்.

சரி, ஒருவழியாக நட்டேன். பிடித்துக்கொண்டது, பூக்கவும் பூத்தது. ஒரு சென்டிமீட்டர் மஞ்சள் பஞ்சு உருண்டைகள். வாசனைத் தைலத்துக்காகத் தெற்கு பிரான்சில் இதைத் தோட்டம் போட்டே வளர்த்தது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. மூன்றாம் வருடம், சொல்லிக்கொள்ளும்படி காற்றுகூட இல்லை, செடி அப்படியே சாய்ந்துவிட்டது. வேரைக் கழுவிப் பார்த்தேன். சுருட்டி வைத்த கயிறு மாதிரி இருந்தது. பையை என்றோ கிழித்துப் போட்டாயிற்று, அதன் வடிவம் மட்டும் வேரில் அச்சாக நின்றது.

முடிந்தால் விதையை நட வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். கன்று வாங்கினால் பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஓட்டை வழியாகத் தடித்த வேர் எட்டிப் பார்த்தால் வேண்டாம். "இருப்பதிலேயே பெரிய கன்றாகக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் என் தவறைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

விதையை வேகவைப்பது

தோல் கெட்டி என்பதற்காக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். இறக்கி வைத்த வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டால் போதும். காலையில் உப்பியதை ஊன்றுங்கள். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப் போடுங்கள்.

யூரியா

வேண்டாம். அவரைக் குடும்பம்; தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் முடிச்சுகளே பார்த்துக்கொள்ளும்.

கவாத்து

கிளைகளை வெட்டிவிடுவது பூ ஓய்ந்த பிறகுதான்.

நடைபாதை ஓரம்

அங்கே நடாதீர்கள். கணுவுக்கு இரண்டு முள். காரணம் போதுமா?

காயைக் கண்ட இடத்தில் கொட்டுவது

தடித்த கருங்காய், தானாக வெடிக்காது. மாடு தின்றால் விதை சாணத்தோடு ஊர் சுற்றும். அடுத்த மழைக்கு வேண்டாத இடமெல்லாம் முளைக்கும். அதில் ஒன்றுகூடச் சாய்ந்து நான் பார்த்ததில்லை.