சிகிச்சைக்குச் சென்றும் தேறாத பதின்வயதுப் பிள்ளை: அடுத்த கட்ட மனநல உதவி எப்போது தேவை?

வாரம் ஒருமுறை ஆலோசகரிடமோ உளவியலாளரிடமோ சென்றுவருவதாலேயே பல பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு அந்த அளவு போதுவதில்லை. அதைப் பெற்றோர் தாமதமாக உணர்வதற்கு அலட்சியம் காரணமாக இருப்பது அரிது. 'பார்க்க வேண்டியவரிடம் காட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்' என்ற நிம்மதியே கண்ணை மறைத்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது கிடைக்கும் உதவி பிள்ளையைத் தாங்குகிறதா? தாங்கவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் செல்வது, மருந்து தொடங்குவது அல்லது மாற்றுவது, வாரத்தில் இரண்டு மூன்று முறை பார்ப்பது, மருத்துவமனையில் சேர்ப்பது என்று அடுத்தடுத்த வழிகள் உள்ளன. எது பொருந்தும் என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். ஆனால் இருப்பது போதவில்லை என்பதை முதலில் காணக்கூடியவர்கள் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள்தாம்.

அன்றே செல்ல வேண்டிய நிலைகள்

தற்கொலைக்கு முயன்ற பிள்ளை, எப்படிச் சாவது என்று திட்டமிட்டிருக்கும் பிள்ளை, யாருமில்லாதபோது குரல்கள் கேட்பதாகச் சொல்லும் பிள்ளை, தன்னை யாரோ கொல்லப் பார்ப்பதாக அசையாமல் நம்பும் பிள்ளை, நாள்கணக்கில் தூக்கமில்லாமலும் களைப்பே தெரியாமலும் ஓயாது பேசி வழக்கத்துக்கு மாறான துணிச்சலோடு நடக்கும் பிள்ளை ஆகியோரை அடுத்த ஆலோசனை நாள் வரை வீட்டில் வைத்துக் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இரவாக இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே நேராகச் செல்லலாம். வண்டிக்கு வழியில்லை என்றால் 108-ஐ அழைக்கலாம்.

உடல் எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவை மறுக்கும் பிள்ளையின் ஆபத்து வெளியே தெரிவதே இல்லை. நன்றாகப் படித்துக்கொண்டும் வீட்டு வேலை செய்துகொண்டும் இருக்கும்போதே அவளுடைய இதயம் தளர்ந்துகொண்டிருக்கலாம். ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இறங்கினாலோ, எழுந்து நின்றதும் கண் இருட்டி மயக்கம் வந்தாலோ, மனநல உதவிக்கு முன்பாகவே உடலுக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும்.

கேட்க அஞ்சும் கேள்வி

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பதைப் பிள்ளையிடமே நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஏற்படுத்திவிடுவோம் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. "தப்பான முடிவு எதுவும் எடுத்துட மாட்டியே?" என்று கேட்டால் "மாட்டேன்" என்ற பதில்தான் வரும், ஏனெனில் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம் என்பதைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. தனியாக இருக்கும் நேரத்தில், பதற்றமில்லாத குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், எப்போதிருந்து தோன்றுகிறது, எவ்வளவு அடிக்கடி, எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 'தூங்கினால் விடியவே கூடாது' என்று தோன்றுவது ஒரு நிலை. வழியையும் நாளையும் முடிவு செய்திருப்பது வேறொரு நிலை. முன்னதற்கு ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பின்னதற்கு அந்த மணி நேரமே புறப்பட வேண்டும்.

பதிலைக் கேட்டவுடன் "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று அழுவதும் கடிந்துகொள்வதும் பெற்றோருக்கு இயல்பாக வருபவை என்றாலும், அந்த ஒரு முறைக்குப் பின் பிள்ளை வாயே திறக்காமல் போய்விடலாம். "அம்மா மேல சத்தியம் பண்ணு" என்று வாங்கும் சத்தியமும் அப்படித்தான்: அது பெற்றோரின் மனத்தை ஆற்றுமே தவிரப் பிள்ளையைக் காக்காது. எண்ணம் மீண்டும் வரும்போது, சத்தியத்தை மீறிவிட்டோம் என்ற குற்றவுணர்வும் சேர்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லவிடாமல் செய்துவிடும்.

பல வாரங்களாக வாடிக்கிடந்தவன் காரணமே இல்லாமல் ஒரே நாளில் தெளிந்து, ஆசையாக வைத்திருந்த பொருள்களை நண்பர்களுக்குக் கொடுத்து, விடைபெறுவது போலப் பேசினால், அதைத் தேறிவிட்டதன் அடையாளமாகக் கொள்ளாமல் உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மெல்ல நிகழும் சரிவு

மேலே சொன்னவை கண்ணுக்குத் தெரிபவை. பெரும்பாலான வீடுகளில் நடப்பது நாளுக்கு நாள் சிறிதளவாகக் குறைந்துகொண்டே போகும் சரிவு. முதலில் டியூஷன் நிற்கும், பிறகு திங்கட்கிழமைகளில் மட்டும் வயிற்றுவலி வரும், பிறகு வாரத்தில் மூன்று நாள் பள்ளி, பிறகு அதுவும் இல்லை. இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குவது, தட்டை அறைக்கே எடுத்துப்போவது, குளிக்காமல் இருப்பது, நெருங்கிய தோழியின் அழைப்பைக்கூட எடுக்காமல் இருப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் வீடு பழகிவிடுகிறது. ஆகவே நேற்றோடு ஒப்பிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் இதே பிள்ளை எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். உறக்கம், உணவு, படிப்பு, நட்பு, தன்னைப் பேணிக்கொள்வது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து சரிந்திருந்து, சிகிச்சைக்குச் சென்றும் அவை மீளவில்லை என்றால், இப்போதைய உதவி போதவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கதவை அறைந்து சாத்தும் பிள்ளையைப் பற்றி ஊரே கவலைப்படும். அமைதியாக, யாருக்கும் தொந்தரவு தராமல், மதிப்பெண்ணும் பெரிதாகக் குறையாமல் உள்ளுக்குள் ஒடுங்கும் பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படச் சொல்வேன், ஏனெனில் அந்தப் பிள்ளைக்கு உதவி கேட்டுத் தருபவர் யாரும் இருப்பதில்லை.

இந்தச் சரிவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது பெரிதும் உதவும். எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை வேளை சாப்பிட்டான், பள்ளிக்குப் போனானா, மனத்தை உறுத்திய வார்த்தை ஏதாவது சொன்னானா என்று நாளுக்கு இரண்டு வரி போதும். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், "ஒரு மாதிரியா இருக்கான் டாக்டர்" என்பதைவிட, "இந்த மாதம் பதினோரு நாள்தான் பள்ளிக்குப் போனான், இரண்டு முறை 'நான் இல்லாட்டி நல்லது' என்றான்" என்ற குறிப்பு சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடும்.

எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தெரியப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பேச்சுச் சிகிச்சையில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் சிறிதளவாவது அசைவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால், "இதற்கு மேல் என்ன செய்யலாம்?" என்று சிகிச்சை தருபவரிடமே கேட்பது மரியாதைக் குறைவாகாது, நல்ல உளவியலாளர் அந்தக் கேள்வியை வரவேற்பார். மாத்திரை தொடங்கிய அல்லது அளவு மாற்றிய முதல் வாரங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சில இளவயதினருக்கு அப்போது பரபரப்பும் தற்கொலை எண்ணமும் அதிகரிக்கலாம் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் இம்மருந்துகளுக்குக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அதற்காக அஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், மாற்றம் தெரிந்த அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளையின் கையில் கீறல்கள் இருக்கலாம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எல்லாப் பிள்ளைகளும் சாக விரும்புவதில்லை. தாங்க முடியாத மனவலியைத் தணிக்கவே பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் காயங்கள் அடிக்கடி நிகழ்ந்தாலோ, ஆழமானாலோ, அவற்றோடு மது, கஞ்சா, வலிமாத்திரைப் பழக்கம் சேர்ந்தாலோ, வாராந்திர ஆலோசனையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

தள்ளிப்போடும் காரணங்கள்

'பொதுத்தேர்வு முடியட்டும்' என்பது தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் கேட்கும் காரணம். தேர்வைத் தவறவிட்டால் துணைத்தேர்வு இருக்கிறது, அடுத்த ஆண்டும் இருக்கிறது; அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும் மாதங்களிலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுவது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை. தற்கொலை முயற்சிக்குப் பின் போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சி உண்மையை மறைப்பவர்களும் உண்டு. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவே இல்லை. உடல் தேறியதும் அப்படியே வீட்டுக்கு அழைத்துவந்துவிடாமல், மனநல மருத்துவர் பார்த்த பிறகே செல்வோம் என்று வற்புறுத்துங்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்வது குடும்பத்துக்கு ஆறுதல் தரலாம். அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. மருத்துவத்துக்கு மாற்றாக அங்கே பிள்ளையை விட்டுவருவதும் கட்டிவைப்பதும் வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவுக்குப் பெயர்பெற்ற ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை இன்று சட்டமே தடைசெய்கிறது.

மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னால்

மனநல வார்டு என்றதும் பிள்ளையைத் தனியே பூட்டிவைப்பார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவின்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவர்களிடமிருந்து தனியாக வைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் துணையாளரோ முழு நேரமும் உடன் தங்க வேண்டும். சேர்ப்பது அவசியம் என்பதில் ஒருவருக்கு மேற்பட்ட நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து ஒத்த முடிவுக்கு வர வேண்டும். 'மாமா வீட்டுக்குப் போகிறோம்' என்று பொய் சொல்லி அழைத்துச் செல்லாதீர்கள். எங்கே போகிறோம், ஏன், உடன் யார் இருப்பார்கள் என்பதைச் சுருக்கமாகவும் உண்மையாகவும் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு பொய்க்காகப் பின்னாளில் சிகிச்சையையே வெறுக்கும் பிள்ளைகள் உண்டு.

மருத்துவரைப் பார்க்கும் வரை பிள்ளையைத் தனியே விடாமல் ஒருவர் உடன் இருக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், தாத்தா பாட்டியின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் உட்பட, பூட்டி வையுங்கள். பூச்சிமருந்தும் எலிமருந்தும் வீட்டைவிட்டே வெளியேற வேண்டும். இரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 நாள் முழுவதும் இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் ஆபத்து முற்றிலும் நீங்கியிருப்பதில்லை. ஒரு வாரத்துக்குள் மறுபரிசோதனைக்கான தேதியைக் குறித்துக்கொண்டே மருத்துவமனையை விட்டுக் கிளம்புங்கள். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும், இரவில் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பெரியவர் ஒருவர் தம்மிடம் வைத்துக்கொண்டு, வேளைக்கு உரியதை மட்டும் கொடுக்கட்டும். பள்ளிக்கு முதலில் அரை நாள், பிறகு முழு நாள் என்று அனுப்ப வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாம். நோயைப் பற்றி ஆசிரியரிடம் எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.