நீரில் மூழ்கியவருக்கு முதலுதவி: வயிற்றை அமுக்காதீர்கள், மூச்சைக் கொடுங்கள்

மூழ்கியவரைக் கரையில் கிடத்தியதும் யாராவது ஒருவர் வயிற்றை அமுக்க ஆரம்பிப்பார். குழந்தையென்றால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள். இரண்டையும் உடனே நிறுத்துங்கள். நுரையீரலுக்குள் போயிருக்கும் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம்தான். அமுக்கினால் வருவது வயிற்றுத் தண்ணீர். அதோடு சாப்பிட்டதும் மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவருக்குத் தேவை ஆக்சிஜன். அதைத் தாமதிக்கும் எந்த வேலையும் வேண்டாம்.

மீட்கும்போதும் அவசரம் ஆளைக் கொல்லும். மூழ்குபவர் கைக்கு எட்டியதை அழுத்தி மேலேறப் பார்ப்பார். பக்கத்தில் நீந்திப் போனால் அது உங்கள் தலைதான். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பையோ நீளமான துணியையோ நீட்டுங்கள். நின்றபடி நீட்டினால் நீங்களும் உள்ளே போவீர்கள். எட்டாவிட்டால், மூடியை இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனில் கயிறு கட்டி, அவரைத் தாண்டி விழும்படி எறிந்து மெல்ல இழுங்கள். "காப்பாத்துங்க" என்ற அலறலுக்குக் காத்திருக்க வேண்டாம்; கத்துவதற்கு அவருக்கு மூச்சு இருக்காது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் மூழ்கி மூழ்கி எழுந்தால், அதுவே அறிகுறி.

கரைக்கு வந்தபின் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சரிவான இடமென்றால் தலையும் காலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மார்பு ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்கு மேல் போகாமல் பாருங்கள். எப்போதாவது ஒருமுறை மீன் போல வாயைத் திறந்து இழுப்பது சுவாசம் ஆகாது; அதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. ஆம்புலன்ஸை ஒருவர் அழைக்கட்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மாரடைப்பில் இதயம் நின்று விழுந்தவருக்கு மார்பை அழுத்துவதில் தொடங்குவோம். மூழ்கியவர் சுவாசிக்கவில்லையென்றால் மூச்சு முதலில். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். 2 முறை என்று கற்றவர் அப்படியே செய்யலாம், அதில் வாதம் வேண்டாம். ஒவ்வொன்றும் சுமார் 1 விநாடி, மார்பு எழுவது தெரியும் அளவு போதும். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். மார்பு எழவில்லையென்றால் தலையின் சாய்வைச் சரிசெய்யுங்கள். கைக்குழந்தையென்றால் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து மூடி மெல்ல ஊத வேண்டும்.

பிறகு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 30 அழுத்தம், 2 மூச்சு, இப்படியே தொடருங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். குழந்தைகளுக்கு மார்பின் மூன்றில் ஒரு பங்கு ஆழம். ஆள் இருந்தால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். களைத்த கை ஆழமாக அழுத்தாது.

வாயில் நுரை பொங்கி வரும். துடைத்துக்கொண்டே இருந்தால் அது நிற்காது, நேரம்தான் போகும், நுரையோடே ஊதுங்கள். வாந்தியென்றால் மட்டும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வாயைச் சுத்தம் செய்து, மீண்டும் தொடருங்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி வந்தால் மார்பைத் துடைத்து உலர்த்திய பிறகே பட்டைகளை ஒட்டுங்கள்.

சுவாசம் திரும்பினால் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஈரத் துணியைக் களைந்து போர்த்துங்கள். பக்கத்திலேயே இருந்து சுவாசத்தைக் கவனியுங்கள், மறுபடி நின்றுவிடலாம். நினைவு தப்பியவர், மூச்சு கொடுக்கப்பட்டவர், இருமல் நிற்காதவர் எல்லோரும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம். எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தார், எப்போது மூச்சு கொடுக்கத் தொடங்கினீர்கள் என்ற இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.