வன்னிக் கரையில் தூண்டில் போடப் போகிறீர்களா?

கனடாவிலும் நோர்வேயிலும் தூண்டில் பழகிய பிள்ளைகள் இப்போது ஊருக்கு வரும்போது தடியையும் ரீலையும் கூடவே கொண்டுவருகிறார்கள். நல்ல விஷயம். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரை கடலும் களப்பும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. கொடுவா, பாரை, சீலா, ஓரா எல்லாம் தேடி ஆழ்கடலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் இங்கே உங்களைக் கூட்டிப் போகிறவர் அன்றாடம் தொழிலுக்குப் போகிற ஒருவர். உங்களோடு வருகிற நாளில் அவருக்கு வலை இல்லை, வருமானம் இல்லை. அவருடைய நேரம், அவருடைய காற்று, அவருடைய சொல் என்று போனால்தான் மீனும் கிடைக்கும், பத்திரமாகத் திரும்பவும் முடியும்.

ஆளைத் தேட, கரையோர ஊர்களில் இருக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். சொந்தக்காரர் யாராவது முன்கூட்டியே சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. படகு பதிவு செய்ததா, உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் படகேற என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கடற்றொழில் திணைக்களத்தின் முல்லைத்தீவு அலுவலகத்தில் முதல் நாளே விசாரியுங்கள். கடவுச்சீட்டு கையோடு இருக்கட்டும். கத்தோலிக்கக் குடும்பங்கள் பொதுவாக ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். கடல்நீரில் விளக்கெரிக்கும் அந்த நாட்களில் ஆள் தேடி அலையாமல் நீங்களும் கோயிலுக்குப் போங்கள். மே 18ஐ ஒட்டிய நாட்களில் முள்ளிவாய்க்கால் கரையில் தூண்டிலோடு நிற்கவே வேண்டாம்.

காற்றை விளங்கிக்கொள்ளாமல் டிக்கெட் போடாதீர்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று. அப்போது முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும், சிறு படகுகள் பல நாள் கரையிலேயே கிடக்கும். பங்குனி, சித்திரை வந்தால் கடல் அடங்கிவிடும். நம்மவர்கள் அதிகம் வருவது யூலை, ஓகஸ்ட் விடுமுறையில். அது சோளகக் காலம், தென்மேற்கிலிருந்து தரைமேல் வந்து கடலுக்குள் இறங்குகிற காற்று. அதனால் கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாக, குளம் மாதிரித் தெரியும். அதை நம்பி ஏமாறக் கூடாது. இயந்திரம் நின்றுபோனால் அந்தக் காற்று படகைக் கரைக்குத் தள்ளாது, வெளியேதான் இழுத்துக்கொண்டு போகும். விடிய முன் இறங்கி, வெயில் ஏறிக் காற்று பலக்க முன் கரை சேர்வதுதான் இங்கத்தை வழக்கம். "இன்னும் அரை மணித்தியாலம்" என்று அண்ணையிடம் கெஞ்சாதீர்கள். மேற்குக் கரையில், பூநகரி, விடத்தல்தீவுப் பக்கம் இதற்கு மறுவளம்: சோளகம் கடலிலிருந்து நேரே கரையில் மோதும், ஆடி ஆவணியில் அங்கே திட்டம் வேண்டாம்.

மார்கழியில்தான் வர முடியும் என்றால் கடலை விட்டுக் களப்புக்குப் போங்கள். மழை வெள்ளம் நிறைந்து, நந்திக்கடலும் நாயாறும் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலோடு சேரும் காலம் அது. அந்த முகத்துவாரத்தில் இறாலும் சிறுமீனும் அள்ளுண்டு வரும்; கொடுவா அங்கே காத்து நிற்கும். நீரோட்டம் பலமானது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்காதீர்கள். கொக்கிளாய் 1951 முதல் பறவைச் சரணாலயம், நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. எந்த இடத்தில் தூண்டில் போடலாம் என்பதைக் கூட வருபவரிடமும் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு மிதிவெடிப் பலகை கண்டால், எவ்வளவு நல்ல இடமாகத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

தடி ஏழு அடி போதும். முள்ளுக்கு மேலே ஒரு பாகம், அதாவது இரு கையையும் விரித்த நீளத்துக்கு, 0.8 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் நூல்) கட்டுங்கள், ஏனென்றால் கொடுவாவின் செவுள்மூடி ஓரம் கத்தி போன்றது, மெல்லிய நூலை அறுத்துவிடும், கையையும்தான். செயற்கை இரை கொண்டுவரலாம். ஆனாலும் உயிர் இறாலுக்கு ஈடில்லை. வீச்சுவலையில் அப்போதே பிடித்த இறாலை எடுத்து, தலைக்கொம்புக்குக் கீழே, உள்ளே கறுப்பாகத் தெரிகிற புள்ளியில் படாமல், முள்ளைக் குறுக்காக ஏற்ற வேண்டும். புள்ளியில் பட்டால் இறால் உடனே செத்துவிடும். படாவிட்டால் வெகுநேரம் துடித்து நீந்தும், அந்தத் துடிப்புக்குத்தான் மீன் வரும். ஈயம் சிறிதாக இருக்கட்டும். கொடுவா கடித்தவுடன் இழுக்காதீர்கள், வாய்க்குள் எடுத்துத் திரும்ப விடுங்கள்.

இன்னொன்று. கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரிதாக மாட்டுவது அநேகமாகச் சினை வைக்கிற பெண்தான். அதைத் திருப்பி விட்டால் களப்புக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பெரிய கொடுவா ஒன்று அந்த வீட்டுக்கு ஒரு நாள் வருமானத்துக்கு மேல். ஆகவே விட விரும்பினால் படகேற முன்பே பேசி, அதன் விலையையும் சேர்த்துக் கொடுங்கள். படகில் வைத்து அவருக்குப் பாடம் நடத்தாதீர்கள். கடலாமை சிக்கினால் பேச்சுக்கே இடமில்லை: சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், உடனே விட்டுவிட வேண்டும்.

கெளுத்தி முள்ளும் திருக்கை வாலும் குத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். பிறகு மாஞ்சோலை மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். ஒரு போத்தல் வெந்நீர் படகிலேயே இருந்தால் நல்லது. ஊதிப் பெருக்கும் பேத்தையைக் கறிக்கு எடுக்காதீர்கள், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

காசை முதல் நாளே பேசி முடியுங்கள்: மண்ணெண்ணெய்ச் செலவு தனி, அவருடைய நாள் கூலி தனி, கூட வருகிற ஆளுக்கும் தனி. மீன் படாவிட்டாலும் அது முழுதாகக் கொடுக்க வேண்டிய காசு. பட்ட மீனில் கறிக்கு எவ்வளவு வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். ஓராவை மட்டும் அன்றைக்கே சமையுங்கள், ஐஸ் பெட்டியில் கிடந்து அடுத்த நாள் வந்தால் அந்த ருசி இராது.