கபலெவ்ஸ்கியின் ‘கோமாளிகள்’: வேகம் அப்புறம், முதலில் அந்த ‘சி’

ரஷ்ய இசையமைப்பாளர் திமித்ரி கபலெவ்ஸ்கி குழந்தைகளுக்காக எழுதிய ஓபஸ் 39 (அவரது படைப்பு வரிசை எண்) தொகுப்பில் 20-ஆவது பியானோ துண்டு இது. ஒரு நிமிடம்கூட ஓடாது. அதனாலேயே எல்லோரும் இதை முதல் நாளே முழு வேகத்தில் வாசித்துப் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், கேட்டவர் “எதற்கு இவ்வளவு அவசரம், பஸ்ஸைப் பிடிக்கணுமா?” என்றார்.

இதில் வேடிக்கை வேகத்தில் இல்லை, ‘சி’ என்ற சுரத்தில் இருக்கிறது. ‘ஏ’ என்ற சுரத்தை மையமாக வைத்து நடக்கும் மெட்டில் சி ஷார்ப் (சி-யைவிட அரைச் சுரம் மேலே உள்ள கறுப்புக் கட்டை) வருகிறது, உடனே பின்னாலேயே வெறும் சி வருகிறது. அதாவது பிரகாசமாக ஒலிக்கும் மேஜரும் சோகமாக ஒலிக்கும் மைனரும் ஒன்றையொன்று மாற்றி மாற்றிக் காலை வாரிவிடுகின்றன. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ‘ஏ’யை சட்ஜமாக வைத்தால் ஒரு அந்தர காந்தாரம், ஒரு சாதாரண காந்தாரம். கோமாளி சிரிக்கிறான், அடுத்த நொடியே உதட்டைப் பிதுக்குகிறான்.

அதனால் பியானோவைத் தொடும் முன் ஒரு பென்சில் எடுத்து, வலது கையில் வரும் ஒவ்வொரு சி ஷார்ப்பையும் வட்டமிடுங்கள். ஒரு பாரில் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடையே உள்ள பகுதி) ஷார்ப் போட்டால் அந்த பார் முடியும் வரை அது செல்லும் என்பதை மறந்துதான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். அப்புறம் வலது கையை மட்டும், ஆமை வேகத்தில், வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். காது முதலில் கேட்டால் விரல் தானாகப் போகும்.

கறுப்புக் கட்டைக்காக ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி எட்டாதீர்கள். மொத்தக் கையையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, கறுப்புக் கட்டைகளின் ஓரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் இடையே விரல் லேசாக நகர்ந்தால் போதும். எனக்குப் பெரிய மாற்றம் தந்தது இந்த ஒரு விஷயம்தான்.

இடது கை ஸ்டக்காட்டோ, அதாவது சுரங்களை வெட்டி வெட்டி வாசிப்பது. சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி தொட்டவுடன் விரல் விலக வேண்டும், ஆனால் முழங்கையிலிருந்து குத்தக் கூடாது, மணிக்கட்டு இறுகினால் பத்தாவது பாருக்குள் கை வலிக்கும். சத்தமும் வலது கையைவிடக் குறைவாகவே இருக்கட்டும்.

இரண்டு கையையும் சேர்க்கும்போது தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வையுங்கள், தப்பில்லாமல் மூன்று முறை வந்தால் மட்டும் நாலு ஏற்றுங்கள். நடுவில் மெட்டு வேறு சுரத்துக்குத் தாவும் இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள், அந்த நாலைந்து பாரை மட்டும் தனியாகப் பிடியுங்கள், ஒவ்வொரு முறையும் முதல் பாரிலிருந்து ஆரம்பித்தால் ஆரம்பம் மட்டும்தான் நன்றாக வரும்.

சரி, எவ்வளவு வேகம் போகலாம்? இரண்டு ‘சி’யும் வேறு வேறு என்று பக்கத்தில் இருப்பவர் காதுக்குத் தெரிகிற வரை.